உலகக் குழந்தைகளை ஒரே வாய்க்காலில் காட்டிய பெப்சி... 60 வருடமாகப் பாடிக்கொண்டே இருக்கும் பொம்மைகள்!

கொலு படிக்கு முன்னால் நாம் உட்கார்ந்திருப்போம். பொம்மைகள் அசையாமல் நிற்கும். அதையே கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். நாம் படகில் உட்கார்ந்திருக்கிறோம். படகு தானாக நகர்கிறது. இரண்டு கரையிலும் நூற்றுக்கணக்கான பொம்மைகள் தலையாட்டுகின்றன, கைதட்டுகின்றன, ஒரே பாட்டை விடாமல் பாடுகின்றன. ஹாலந்துக் குழந்தைக்கு மரச் செருப்பு, ஜப்பான் குழந்தைக்கு கிமோனோ, நம் ஊர்ப் பங்குக்கு ஒரு தாஜ்மகால். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறக்கி விட்டுவிடுவார்கள்.

அதுதான் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’. அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில், டிஸ்னிலேண்ட் போய் வந்த வீடியோவில் இதை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். யூடியூபிலும் முழுச் சவாரியும் கிடைக்கிறது. கெங்கவல்லியில் உட்கார்ந்து போனில் அதைப் பார்க்கும் குழந்தை, ஆத்தூர் பக்கம் முட்டல் ஏரியில் வனத்துறை விடும் படகில் ஏறும்போது, ‘பொம்மை எங்கே?’ என்று கேட்டால் ஆச்சர்யப்படுவதற்கில்லை.

ஆனால், இந்தச் சவாரி டிஸ்னிலேண்டுக்காகக் கட்டப்பட்டதில்லை. இதற்குப் பணம் போட்டது ஒரு கூல்டிரிங்ஸ் கம்பெனி!

நடிகை போட்ட பிடிவாதம்

1964 ஏப்ரல் 22. நியூயார்க்கில் உலகக் கண்காட்சி தொடங்கியது. நம் ஊர் பொருட்காட்சி மாதிரிதான். ஆனால், ஒவ்வொரு அரங்கும் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியது. இந்தியாவும் அங்கே அரங்கு அமைத்திருந்தது. ஃபோர்டு, ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய கம்பெனிகள் முன்கூட்டியே வால்ட் டிஸ்னியைப் பிடித்து, தங்கள் அரங்கை வடிவமைக்கும் வேலையை ஒப்படைத்துவிட்டன. பெப்சி கோலா மட்டும் என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

பெப்சியின் இயக்குநர் குழுவில் அப்போது ஒரு ஹாலிவுட் நட்சத்திரம் இருந்தார். பெயர் ஜோன் கிராஃபோர்ட். பெப்சியின் தலைவராக இருந்த அவர் கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீல் 1959-ல் இறந்த பிறகு அந்தக் குழுவுக்கு வந்தவர். ‘டிஸ்னியிடம் கொடுங்கள்’ என்று வற்புறுத்தியவர் அவர்தான். கண்காட்சி திறக்க ஒரு வருடம்கூட இல்லை. டிஸ்னி நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே மூன்று அரங்குகளின் வேலை. இந்த நெருக்கடியில் யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள். வால்ட் டிஸ்னி ஒப்புக்கொண்டார்.

கரு என்ன? யுனிசெஃப். ஐ.நா சபையின் குழந்தைகள் நிதியத்துக்கு மரியாதை செய்யும் அரங்கு. முதலில் யோசித்த பெயர் ‘உலகக் குழந்தைகள்’ என்ற பொருளில்தான் இருந்தது. இப்போதைய பெயர், பாட்டு வந்த பிறகு பாட்டிலிருந்து வந்தது.

ஒரே முகம்... வேறு வேறு சட்டை

வண்ணமும் வடிவமும் மேரி பிளேர் என்ற பெண் ஓவியருடையவை. ‘சிண்ட்ரெல்லா’, ‘பீட்டர் பேன்’ படங்களுக்கு வண்ணக் கற்பனை தந்தவர். 1953-ல் டிஸ்னியை விட்டுப் போயிருந்தவரை இதற்காகவே திரும்ப அழைத்தார்கள். வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும் அவருடைய பாணி. ரோஜா நிறத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் பச்சை என்று, நாம் சேலைக்கும் பிளவுஸுக்கும் சேர்க்கத் தயங்கும் நிறங்களையெல்லாம் அவர் தயங்காமல் சேர்த்தார்.

பொம்மைகளின் அசைவுகளையும் காட்சிகளையும் யோசித்தவர் மார்க் டேவிஸ். அத்தனை பொம்மைகளுக்கும் உடை தைக்கும் பொறுப்பு அவர் மனைவி ஆலிஸ் டேவிஸுக்கு. ஒவ்வொரு நாட்டு உடையையும் தேடிப் படித்து, துணி தேர்ந்தெடுத்து, மனிதர்களுக்குத் தைப்பது போலவே தைத்தார். காற்றில் சுழலும் பொம்மைகளை ரோலி கிரம்ப் செய்தார். அரங்கின் வாசலில் 120 அடி உயரத்துக்குக் காற்றாடிக் கோபுரம் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். கண்காட்சி முடிந்ததும் அதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோகும் செலவை யோசித்து, வெட்டித் தள்ளிவிட்டார்கள். அது தனி சோகம்.

முகத்தை வடித்தவர் பிளெய்ன் கிப்சன் என்ற சிற்பி. இங்கேதான் விஷயம் இருக்கிறது. எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் முகம் ஒன்றுதான். ஒரே கன்னம், ஒரே மூக்கு. தோல் நிறமும் கண் நிறமும் முடியும் உடையும்தான் மாறும். குழந்தைகள் எல்லோரும் ஒன்று என்று சொல்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. வேலையைச் சீக்கிரம் முடிக்கவும் அது உதவியிருக்கும். நம் கொலுவில் இருக்கும் மண் பொம்மைகளும் அச்சில் வார்த்தவைதானே!

காதை விட்டுப் போகாத பாட்டு

முதலில் டிஸ்னி குழுவுக்கு வந்த யோசனை, ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் அதனதன் தேசிய கீதத்தைப் பாட வேண்டும் என்பது. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஒலிக்கவிட்டுப் பார்த்தால், திருவிழாவில் நாலு மேளக் கோஷ்டியும் ஒரே நேரத்தில் வாசித்தது போல ஆகிவிட்டது. படகு போகிற போக்கில் ஒரு கீதத்தின் வாலும் இன்னொன்றின் தலையும் மோதின.

‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்த ராபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் சகோதரர்களைக் கூப்பிட்டார் வால்ட் டிஸ்னி. எந்த மொழிக்கும் எளிதாக மாற்றக்கூடிய ஒரே பாட்டு வேண்டும் என்றார். அவர்கள் தந்த மெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்லவியையும் சரணத்தையும் ஒரே நேரத்தில் பாடினாலும் சுருதி இடிக்காது. ஒரு அறையில் சரணம், அடுத்த அறையில் பல்லவி ஒலித்தாலும் இரண்டும் கலந்து கேட்கும்போது உறுத்தாது. படகில் போகிறவர் காதில் எந்த இடத்திலும் பாட்டு அறுபடாது என்பதுதான் இதன் பலன். முதலில் மெதுவான நடையில் போட்டிருந்தார்களாம். ‘இன்னும் குஷியாக இருக்கட்டும்’ என்று டிஸ்னி கேட்க, வேகத்தைக் கூட்டினார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே அணுகுண்டு பயத்தில் உறைந்துபோன 1962 அக்டோபருக்குப் பிறகு எழுதிய பாட்டு என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலி, ஸ்வீடிஷ், ஜப்பானிய மொழிகளில் அது ஒலித்தது. அந்த ஐந்தில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை சவாரி போனால் மூன்று நாளைக்குப் பாட்டு தலையை விட்டு இறங்காது என்பது உலகறிந்த கேலி. 2022-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்தப் பாட்டையும் சேர்த்தது.

படகுக்குத் துடுப்பும் இல்லை, இன்ஜினும் இல்லை. வாய்க்காலில் பீய்ச்சப்படும் தண்ணீரே படகைத் தள்ளிக்கொண்டு போகும். ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் நிற்காமல் வருவதால் கூட்டம் தேங்காது. இந்த வெற்றியைப் பார்த்துத்தான், நடந்து போய்ப் பார்ப்பதாகத் திட்டமிட்டிருந்த ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ அரங்கையும் டிஸ்னி படகுச் சவாரியாக மாற்றினார்.

டிக்கெட் பணம் யாருக்கு?

பெரியவர்களுக்கு 95 சென்ட், குழந்தைகளுக்கு 60 சென்ட். அன்று ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. நம் கணக்கில் பெரியவர் டிக்கெட் சுமார் நாலரை ரூபாய், குழந்தை டிக்கெட் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடம் நடந்த கண்காட்சியில் ஒரு கோடி பேருக்கு மேல் படகில் ஏறினார்கள். டிக்கெட் பணம் யுனிசெஃபுக்கு. 1965-ல் யுனிசெஃபுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது தனிக்கதை.

யுனிசெஃப் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. குஜராத்தின் ஆனந்தில் 1955-ல் நேரு திறந்து வைத்த பால் பவுடர் ஆலைக்கு இயந்திரங்கள் தந்தது இதே அமைப்புதான். பதிலுக்கு, அந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு இலவசப் பால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ‘அமுல்’ வளர்ந்த கதையில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

சர்க்கரைத் தண்ணீர் விற்கும் கம்பெனி குழந்தைகள் நலனைக் கொண்டாடியது சரியா என்று இன்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். பெப்சிக்கு அது விளம்பரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், விளம்பரத்துக்காகச் செய்ததிலும் டிக்கெட் காசு குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது நம் நாட்டில் 2013-ம் வருட கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசுப் பள்ளி வகுப்பறைச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் கம்பெனி பெயர் எழுதியிருப்பது அந்தப் பணம்தான். பெயரை எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டால் போதும், எது விளம்பரம், எது உதவி என்று தெரிந்துவிடும்.

தாஜ்மகால் மட்டும்தானா இந்தியா?

கண்காட்சி முடிந்ததும் படகு, பொம்மைகள் எல்லாம் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்குப் போயின. 1966 மே 28-ல் அங்கே திறப்பு விழா. உலகின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குழந்தைகள் அந்த வாய்க்காலில் ஊற்றினார்கள். பெப்சியின் இடத்துக்கு பேங்க் ஆஃப் அமெரிக்கா வந்தது. பிறகு பார்பி பொம்மை செய்யும் மேட்டல், அப்புறம் சீமென்ஸ். ஃப்ளோரிடா (1971), டோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2008) என்று கிளைகளும் முளைத்தன.

குறை சொல்கிறவர்கள் சொல்வது, நாடுகளைப் போஸ்ட் கார்டு படங்களாகச் சுருக்கிவிட்டார்கள் என்பதைத்தான். ஹாலந்து என்றால் மரச் செருப்பு, ஆப்பிரிக்கா என்றால் ஒட்டகச்சிவிங்கி, இந்தியா என்றால் தாஜ்மகால். நியாயமான குறைதான். மரவள்ளிக் காட்டுக்கும் சேகோ ஆலைக்கும் நடுவில் வளரும் நம் சேலம் மாவட்டக் குழந்தைக்கு, தாஜ்மகாலும் ஈஃபிள் கோபுரத்தைப் போலவே படத்தில் பார்த்த கட்டடம்தான்.

கெங்கவல்லி வட்டத்திலேயே தம்மம்பட்டி இருக்கிறது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மரச் சிற்பங்கள் அங்கேதான் தயாராகின்றன. தூங்குவாகை போன்ற மரங்களில் சாமி உருவங்களையும் வாகனங்களையும் உளியால் கொத்திக் கொத்திச் செய்கிறார்கள். கையால் கொத்துவதால் ஒரு முகம் போல இன்னொரு முகம் அப்படியே அமைந்துவிடாது. அந்தப் படகுச் சவாரியில் இல்லாத சமாச்சாரம் இது.

2008-ல் டிஸ்னிலேண்டு சவாரியை மூடிப் புதுப்பித்தபோது, பொம்மைகளுக்கு நடுவில் டிஸ்னி படக் கதாபாத்திரங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். மேரி பிளேரின் குடும்பத்தார் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். பயனில்லை. ஆனால், 2022 நவம்பரில் செய்த மாற்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைப் பொம்மைகளைச் சேர்த்தார்கள். உலகக் குழந்தைகள் என்று சொல்லிவிட்டு, அவர்களைச் சேர்க்க 58 வருடம் ஆகியிருக்கிறது!

இங்கேயே ஒரு பொம்மை உலகம்

அமெரிக்கா போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல். நியூயார்க் கண்காட்சி முடிந்த அதே 1965-ல், நவம்பர் 30-ம் தேதி, டெல்லியில் சங்கர் சர்வதேச பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார் நம் திருத்தணிக்காரரான குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். உருவாக்கியவர் கார்ட்டூனிஸ்ட் சங்கர். ஹங்கேரி தூதர் அவரிடம் தந்த ஒரே ஒரு பொம்மையில் தொடங்கியது இது. குழந்தைகளின் ஓவியக் கண்காட்சியோடு பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். மூட்டை கட்டிக் கட்டி அவை உடையத் தொடங்கவே, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை வந்தது. இன்று 85 நாடுகளைச் சேர்ந்த 6,500 பொம்மைகள் அங்கே இருக்கின்றன. படகு கிடையாது, பாட்டு கிடையாது. நடந்துதான் பார்க்க வேண்டும். ஆனால், ஒவ்வொரு நாட்டுப் பொம்மைக்கும் முகம் வேறு.

பகதூர்ஷா ஜாஃபர் மார்க்கில் நேரு இல்லக் கட்டடத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு டெல்லி போகிறவர்கள், திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று விடுமுறை.