சென்னையில் ஒற்றை ஆளுக்கு எவ்வளவு சம்பளம்?

கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சென்னையில் மாதம் 25,000 ரூபாய் என்றால், ஒற்றை ஆளுக்கு அது தாராளம் என்றே ஊர் நினைக்கும். நம் நாட்டு ஊதியக் கணக்கும் அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கிறது. 1957-இல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவர், துணை, இரு பிள்ளைகள் ஆகிய நால்வரை மூன்று நுகர்வு அலகாக எடுத்துக்கொண்டது. உணவுக்கு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திய ஐக்ராய்டின் அளவு. ஏழாவது ஊதியக் குழு குறைந்தபட்சமாக 18,000 ரூபாய் நிர்ணயித்ததும் இந்த வழியில்தான். அப்படியானால் ஒற்றை ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு போதாதா? அரிசியும் துணியும் ஆள் குறையக் குறையும், வாடகை குறையாது. சமையலறையும் குளியலறையும் ஒருவருக்கும் ஒன்றுதான், நால்வருக்கும் ஒன்றுதான்.

ஓர் உத்தேசக் கணக்கு. புறநகரில் சிறு வீட்டுக்கு 12,000, சாப்பாட்டுக்கு 8,000, கரண்ட், கேஸ், போனுக்கு 3,000, போக்குவரத்துக்கு 3,000, துணிமணி, மருந்து, ஊருக்குப் போய்வர 4,000 என்று வைத்தால் 30,000 ஆகிவிடும். ஊரில் உள்ள வீட்டுக்கு அனுப்ப 8,000, சேமிப்புக்கு 7,000 சேர்த்தால் 45,000. இது கைக்கு வரவேண்டிய தொகை. நியமனக் கடிதத்தில் உள்ள தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கும். குடியேறும்போது அட்வான்ஸ் வேறு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். வழக்கமோ பத்து மாதம் வரை போகும்.

வீட்டுக்கு அனுப்புவதை ஏன் சேர்க்க வேண்டும், அது தனி வாழ்க்கைச் செலவா என்று கேட்கலாம். கரிசலில் அது செலவுதான். இங்கே பெரும்பாலும் மானாவாரி; புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் உளுந்தும் பாசியும் பருத்தியும் பணமாக மாதங்கள் ஆகும், வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் ஆகாமலே போகும். விதைக்கும் உரத்துக்கும் அந்த 8,000-தான் கை கொடுக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறையைப் பங்கிட்டால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் அது தனியாக, வசதியாக வாழ்வதற்கான கணக்கல்ல. உள்ளூரிலேயே இருக்கலாமே என்பதுதான் வலுவான ஆட்சேபம். 2024 ஜனவரி முதல் மத்திய அரசு தன் ஊழியருக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் கோவில்பட்டி போன்ற ஊர்களில் 10 சதவீதமும் வாடகைப்படி தருகிறது. இருப்பிடச் செலவில் அவ்வளவு இடைவெளி இருப்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. ஆனால் குறைந்த வாடகையைக் கட்டவும் உள்ளூரில் சம்பளம் வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ்களைப் பாருங்கள்: 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினான்கு ஆண்டு விலையை ஏற்ற முடியாத தொழிலில் கூலி எப்படி வேகமாக ஏறும்?