வழிப்பறிக்காரரின் காதில் சொன்ன மந்திரம்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாள். உற்சவமூர்த்தியான நம்பெருமாள் தங்கக் குதிரையில் மணல்வெளியில் வையாளி எனும் குதிரையோட்டம் கண்டருள, திருமங்கையாழ்வார் அவரை வழிமறிக்கும் வேடுபறி நடக்கும். ஏழு வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "திருடனுக்கா பாட்டி உற்சவம்?" பாட்டி சொன்னாள்: "பெருமாளே தேடிண்டு வந்த திருடன்டி."

ஆழ்வாராவதற்கு முன் அவர் நீலன், சோழனுக்குக் கீழிருந்த சிற்றரசர். குமுதவல்லியை மணப்பதற்காக ஓராண்டு தினமும் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க ஒப்புக்கொண்டார். சோழனுக்குக் கட்டவேண்டிய கப்பப் பணமும் அதில் தீர்ந்தது; வழிப்பறியில் இறங்கினார். மணமகன் கோலத்தில் வந்த பெருமாளையும் விடவில்லை. கழலாத கால்விரல் மோதிரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். ஆனால் நகை மூட்டையைத் தூக்கவே முடியவில்லை. "என்ன மந்திரம் போட்டாய், சொல்" என்று வாளோடு மிரட்டினார். காதில் விழுந்தது எட்டெழுத்து.

அந்த மிரட்டல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். திருந்தியபிறகு அவர் கேட்கவில்லை. திருடும்போதே கேட்டார், கிடைத்தது.

பின்பு அவர் பாடிய பெரிய திருமொழியின் முதல் பதிகமே வீணாய்ப்போன நாட்களை நினைத்து அழுவது. அதையும் சேர்த்து ஆறு பிரபந்தங்கள் பாடினார்.

அதற்குப் பிறகும் அவர் அப்பழுக்கற்றவர் ஆகிவிடவில்லை. அரங்கத்து மதில் எழுப்ப நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்தார் என்று வைணவ மரபே சொல்கிறது. பிறர் தொழுத திருவுருவம் அது. என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அவர் பாசுரம் கேட்டால் கண் நிறைந்துவிடுகிறது.

இந்த ஆண்டு பேத்தியைத் தோளில் தூக்கிக் காட்டினேன். "திருடனா பாட்டி?" என்றாள்.