கோச்சியும் கொளுக்கியும்

மலைநாட்டு மக்கள் புகையிரதத்தைக் 'கோச்சி' என்றே வழங்குவர். பெட்டியைக் குறிக்கும் 'கோச்' என்னும் ஆங்கிலச் சொல், நம் தோட்டத்து வழக்கில் தமிழ் உருப்பெற்றுப் பெட்டிகளின் தொடர் முழுமைக்கும் பெயராயிற்று. உறுப்பின் பெயர் அவ்வுறுப்பை உடைய முழுப்பொருளுக்கு ஆகி வருவதைச் சினையாகுபெயர் என்பது இலக்கண நூலார் மரபு. எழுத்தறியாதார் எனப் பிறரால் எண்ணப்பட்ட தொழிலாளர், இலக்கணம் வழுவாது ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டமை எண்ணி மகிழத்தக்கது.

ஆயின், தனித்தனிப் பெட்டிகளைக் கோச்சி ஆக்குவது யாது? இரு பெட்டிகளுக்கிடையே பிரயாணிகளின் கண்ணிற்படாது கிடக்கும் இரும்புக் கொளுக்கியே அதனைச் செய்கின்றது. அக்கொளுக்கியைப் பற்றியும், அதனை மாட்டும் கைகளைப் பற்றியும் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவன் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர் டிக்கோயா மாணவர் சிலரைக் கண்டிக்கு அழைத்துச் சென்று, மறுநாள் புகையிரதத்தில் அட்டனுக்குத் திரும்பினேன். கண்டி நிலையம் பிரதான பாதையிலிருந்து விலகி உள்ளே அமைந்தது. ஆதலின், கொழும்பிலிருந்து கண்டிக்குள் வந்து பதுளை நோக்கிச் செல்லும் வண்டி, வந்த வழியே பேராதனைக்குத் திரும்புதல் வேண்டும். அதன்பொருட்டு என்ஜினை ஒரு முனையிற் கழற்றி மறுமுனையிற் பூட்டுவர். என்ஜின் மெல்லப் பின்னோக்கி வந்தது. ஊழியர் ஒருவர் தலையைக் குனிந்து என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையே புகுந்தார்.

அதனை உற்றுநோக்கிய மாணவன் ஒருவன், "ஐயா, அவர் உள்ளே நிற்கும்போது என்ஜின் அசைந்தால் என்ன ஆகும்?" என்று வினவினான். அன்று அவனுக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. "அசையாது, தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர்த் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

அம்மனிதர் செய்யும் வேலை இது. பெட்டியின் இருபுறமும் வட்டத் தலையுடைய இரு தாங்கிகள் உள்ளன. அவை மோதலின் வேகத்தைத் தாங்குவன. நடுவே ஒரு கொக்கியும், திருகாணி பொருந்திய கனத்த வளையமும் தொங்கும். எதிர்வரும் தாங்கிகள் ஒன்றையொன்று தொட்டவுடன், ஊழியர் வளையத்தைத் தூக்கி எதிர்க் கொக்கியில் மாட்டித் திருகாணியைச் சுழற்றி இறுக்குதல் வேண்டும். அதன்பின் தடைக்குழாய்களை இணைத்தல் வேண்டும். இவையனைத்தையும் அவ்விரு தாங்கிகளுக்கு நடுவே நின்றே செய்கின்றார். சாரதியோ அவரைக் காண இயலாத இடத்தில் இருக்கின்றார். ஒரு சைகை பிழைபட்டால் ஓர் உயிர் போய்விடும்.

நிலைமொழியும் வருமொழியும்

தமிழ் இலக்கணத்தில் நின்ற சொல்லை நிலைமொழி என்றும், வந்து சேரும் சொல்லை வருமொழி என்றும் கூறுவர். இரண்டும் யாதொரு மாற்றமுமின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. ஓர் எழுத்துத் தோன்றியோ, திரிந்தோ, கெட்டோ சேர்வது விகாரப் புணர்ச்சி. நிற்கும் பெட்டியும் வரும் பெட்டியும் சேர்வதற்கு இடையில் ஒரு மனிதன் தோன்ற வேண்டியிருப்பின், அதனை விகாரம் எனலே பொருந்தும். தோன்றியவன் கெடவும் கூடும் என்பதன்றோ அதிலுள்ள கொடுமை! மனிதன் இடைப்படாமல் இரும்பு இரும்போடு தானே பொருந்தும் இயல்புப் புணர்ச்சியைக் காணுதற்கே அறிஞர் பலர் முயன்றனர்.

அமெரிக்க நாட்டில் முற்காலத்தே வழங்கிய முறை மிகக் கொடியது. ஒரு நீள்வளையத்தைக் கையாற் பிடித்து எதிர்ப் பெட்டியின் துளைக்குள் செலுத்தி, மேலிருந்து ஓர் ஆணியை இறக்குவர். வரும் பெட்டி மோதுமுன் கையை எடுத்துவிடல் வேண்டும். எடுக்கத் தவறியவர் பலர். விரல் குறைந்த கையைக் கண்டே ஒருவர் இத்தொழிலில் நெடுநாள் இருந்தவர் என அறியலாம் என்பது அந்நாளைய வழக்கு.

அந்நாட்டு வர்ஜீனியா மாநிலத்தில் துணிக்கடை ஒன்றில் எழுத்தராயிருந்த ஈலை ஜானி என்பவர், 1873ஆம் ஆண்டில் ஒரு புதிய கொளுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். நம் இரு கைவிரல்களையும் மடித்து ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பாருங்கள். அதுவே அதன் அமைப்பு. பெட்டிகள் மோதுகையில் இருபுறத்து இரும்பு விரல்களும் மடங்கித் தாமே பூட்டிக்கொள்ளும். கழற்றுதற்குப் பெட்டியின் பக்கத்தே நின்று ஒரு நெம்புகோலை உயர்த்தினாற் போதும். உள்ளே புகவேண்டிய தேவையில்லை.

நல்ல கருவி தோன்றியவுடன் உலகம் அதனை ஏற்றுக்கொண்டது என்று எண்ணுதல் தவறு. பெட்டிதோறும் கொளுக்கியை மாற்றும் செலவுக்குக் கம்பெனியார் அஞ்சினர். அயோவா மாநிலத்து லொரென்சோ கொஃபின் என்னும் பெரியவர், தொழிலாளர் உயிர்காக்கும் சட்டம் வேண்டுமெனப் பல்லாண்டு வாதாடினார். அதன் பயனாக 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். மோதிய அளவில் தானே பூட்டுவதும், மனிதர் இடையே புகாமற் கழற்றத்தக்கதுமான கொளுக்கி வேண்டுமென்பது அதன் கட்டளை. காப்புரிமை பெற்றதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே 20 ஆண்டுகள் கழிந்தன. அது நடைமுறைக்கு வர மேலும் 7 ஆண்டுகள் சென்றன.

சட்டத்தின் சொல்லும் பொருளும்

1900ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தில் ஜான்சன் என்னும் தொழிலாளி ஓர் என்ஜினை உணவுப் பெட்டியோடு இணைக்க முயன்றார். இரண்டிலும் தானியங்கிக் கொளுக்கிகள் இருந்தன. ஆனால் வகை வேறாதலின் அவை தம்முட் பொருந்தவில்லை. இடையே புகுந்த அவருடைய கை நசுங்கிற்று. மருத்துவர் அதனை மணிக்கட்டுக்கு மேலே அகற்றினர். "இரண்டிலும் சட்டம் கூறிய கொளுக்கி இருந்ததே" என்பது கம்பெனியின் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதற்கு உடன்பட்டன. 1904இல் அந்நாட்டு உயர்நீதி பீடம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒன்றோடொன்று தாமே பூட்டிக்கொள்ளாதாயின் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது என்று அது கூறியது. சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிடுவது உரையாசிரியர்க்கும் பிழை, நீதிபதிகளுக்கும் பிழையே.

யப்பானியர் இதனை வேறொரு வழியிற் செய்து முடித்தனர். பல ஆண்டுகள் ஆயத்தம் செய்து, புதிய கொளுக்கிகளை முன்னரே பெட்டிகளின் அடியில் தொங்கவிட்டு வைத்தனர். 1925ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் ஹொன்ஷு தீவின் பெட்டிகளிலெல்லாம் ஒருங்கே மாற்றினர். சோவியத்து நாட்டில் 1935இல் தொடங்கிய மாற்றம் 1957இல் முடிவுற்றது. ஐரோப்பாவிலோ சரக்குப் பெட்டிகளிற் பெரும்பாலானவை இன்றும் திருகுக் கொளுக்கியையே கொண்டுள்ளன. பல நாட்டுப் பெட்டிகள் கலந்தோடும் பாதையில், ஒரு நாடு மாறிப் பிறிதொரு நாடு மாறாதிருப்பின் இணைப்பே இயலாது என்பதே அங்குள்ள இடர்.

இந்தியாவில் சரக்குப் பெட்டிகளிலும் புதிய பிரயாணப் பெட்டிகளிலும் நடுக்கொளுக்கி வந்துவிட்டது. எனினும் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பீகாரில் பரௌனி சந்தி நிலையத்தில், என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையே பணி செய்த ஊழியர் ஒருவர் நசுங்கி உயிர்துறந்தார். மாணவன் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இதுவே. என்ஜின் அசைந்தால் இதுதான் ஆகும்.

மலைப்பாதையும் கொளுக்கியும்

கொளுக்கியின் கடமை பூட்டுவதோடு முடிவதில்லை. ஏற்றத்தில் அது கழலாதிருத்தலும் வேண்டும். 1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, சிறுவர் பலர் சென்ற உல்லாசப் பிரயாண வண்டி ஏற்றத்தில் ஏறமாட்டாது நின்றது. முற்பகுதியை மட்டும் மேலே கொண்டுசெல்லக் கருதிப் பிற்பகுதிப் பெட்டிகள் பத்தையும் கழற்றினர். சில்லுகளுக்குக் கல் வைத்திருந்தனர். என்ஜின் புறப்படுகையிற் சிறிது பின்வாங்கி இடித்தது. கற்கள் விலகின. பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னே வந்த வண்டியின் மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். கழற்றியவுடன் பெட்டிகளில் தடை இல்லாது போனமையே காரணம். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம், குழாய் அறுந்தால் தானே இறுகும் தடை பிரயாண வண்டிகளில் வேண்டுமெனச் சட்டமாக்கிற்று.

நம் பாதையோ ஆர்மாவினும் செங்குத்தானது. 1884இல் அட்டனை எட்டி, 1924இல் பதுளையை அடைந்த இப்பாதையில், 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்கள் உள்ளன. அட்டன் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 4,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. இத்தகைய பாதையில், பெட்டி அறுந்தாலும் பிரயாணியைக் காப்பது அந்தத் தடையே.

பெட்டியனைத்தையும் ஒரே நாளில் மாற்றுதற்கு நம்மிடம் யப்பானியரின் பொருள்வளம் இல்லாதிருக்கலாம். ஆயினும் பெரும் பொருள் வேண்டாத காவல்களும் உண்டு. உள்ளே சென்றவர் வெளிவந்து தாமே சைகை காட்டும் வரை என்ஜின் அசையலாகாது. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். இரவில் நல்ல விளக்கொளி வேண்டும். நேரம் தவறிய வண்டியை விரைவுபடுத்த இந்த இரண்டு நிமிடத்தில் மிச்சம் பிடித்தல் கூடாது. புதிதாகப் பெட்டி வாங்குங்காலத்து, அது பழையவற்றோடு பொருந்துமா என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். ஜான்சன் இழந்த கை நமக்குக் கற்பிக்கும் பாடம் அது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், நம்மவர் பலரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். சன்னலின் உள்ளிருந்த கையும் வெளியே நின்ற கையும் பற்றியவாறே இருக்க, கோச்சி நகர்ந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அக்கோச்சியிலும் பெட்டியைப் பெட்டியோடு பூட்டியவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் முகத்தை எவரும் நினைவில் வைத்திரார்.

மறுமுறை புகையிரதம் ஏறும் மாணவர், என்ஜின் பூட்டப்படும் இடத்திற் சிறிது நின்று பார்ப்பாராக. குனிந்து உள்ளே சென்றவர் நிமிர்ந்து வெளிவரக் கண்ட பின்னரே தம் இருக்கைக்குச் செல்வாராக.