டெலி கன்வர்ட்டர் வாங்குமுன் தூரத்தை அளந்து பாருங்கள்

ஐப்பசி ஆறாட்டு அன்று மாலையில், ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் மேற்கு நடையிலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை சாலையின் இரு மருங்கிலும் மக்கள் நெருக்கியடித்து நிற்பது திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து செல்வதால் அன்று சில மணி நேரம் விமானங்களே காத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் காமிராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன்.

நாகர்கோவிலில் இருக்கும் என் அம்மா, அந்த ஊர் திருவிதாங்கூரோடு இருந்த நாளில், அதாவது 1956க்கு முன்பு, சிறுமியாக வந்து ஆறாட்டைப் பார்த்தவர். இப்போது பயணம் செய்ய முடியாது. "ஒரு தடவை படமாவது எடுத்துக்கொண்டு வா" என்றார். என் கையில் இருந்தது மூன்று மடங்கு ஜூம் கொண்ட சிறிய காமிரா. தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியட்டும் என்று ஒரு கடையில் 2 மடங்கு டெலி கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். நாற்பது படங்கள் எடுத்தேன். அம்மாவுக்குக் காட்டும்படி ஒன்றுகூடத் தேறவில்லை. சிலவற்றில் நான்கு மூலைகளும் கறுத்திருந்தன. மற்றவற்றில் எல்லாம் ஆடி அசைந்து மங்கியிருந்தன. தவறு எங்கே என்று பிறகு கற்றுக்கொண்டதை அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இது எப்படி வேலை செய்கிறது?

பெரிய எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கான கன்வர்ட்டர், காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தப்படுவது. 1.4 மடங்கு பெருக்கினால் வெளிச்சத்தில் பாதியும், 2 மடங்கு பெருக்கினால் முக்கால் பங்கும் அதில் போய்விடும். சிறிய காமிராவுக்கு உரியது வேறு வகை. அது லென்ஸின் முன்னால் மாட்டப்படும் ஒரு குட்டித் தொலைநோக்கி. 1609இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பிய குழாயின் தத்துவமே இதிலும்: முன்னே குவிலென்ஸ், பின்னே குழிலென்ஸ். முன் கண்ணாடி பெரிதாக இருப்பதால் வெளிச்சம் ஏறக்குறைய குறைவதில்லை. ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸ் 105 மி.மீ. என்றால் நொடியில் 105இல் ஒரு பங்காவது வேகம் வேண்டும். அதில் 2 மடங்கு கன்வர்ட்டரை மாட்டினால் அது 210 மி.மீ. ஆகிறது, வேகமும் 210இல் ஒரு பங்காக வேண்டும். ஆடாமல் காக்கும் வசதி காமிராவிலேயே இருந்தால் கொஞ்சம் சலுகை கிடைக்கும். என் காமிராவில் அது இல்லை. சங்குமுகத்தில் பொழுது சாயும் நேரத்தில் அந்த வேகத்துக்கு வெளிச்சம் எங்கே கிடைக்கும்? நான் தோற்றது அங்கேதான்.

தூரக் கணக்கு

35 மி.மீ. ஃபிலிம் அளவில் சொல்லப்படும் லென்ஸ் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் பொருளின் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸ் எண்ணால் வகுத்தால், படத்தின் நீளப் பக்கத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது வந்துவிடும்.

முப்பது மீட்டர் தூரத்தில் 105 மி.மீ. லென்ஸில் சுமார் 10 மீட்டர் அகலம் அடங்கும். 2 மடங்கு கன்வர்ட்டரோடு 5 மீட்டர். கன்வர்ட்டர் இல்லாமல் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு நடந்து போனாலும் அதே 5 மீட்டர்தான்! தூரத்தைப் பாதியாக்குவதும் லென்ஸை இரட்டிப்பதும் உருவத்தின் அளவில் ஒன்றே. நடப்பதற்குச் செலவில்லை, கை நடுக்கமும் பெருகுவதில்லை.

ஆனால் நடக்க முடியாத இடங்களும் உண்டு. பிள்ளைகளுடன் கன்னியாகுமரிக்குப் போகிறோம். பீடத்தோடு 133 அடி, அதாவது 40 மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள திருவள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து எடுக்க ஆசை. தூரத்தை 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காமிராவை நெட்டுவாக்கில் பிடித்தால் 105 மி.மீ. லென்ஸில் 171 மீட்டர் உயரம் அடங்கும். சிலை படத்தில் கால் பங்குதான் இருக்கும். கன்வர்ட்டர் மாட்டினால் பாதிப் படத்தை நிறைக்கும். வெயிலுக்கும் அங்கே பஞ்சமில்லை. கன்வர்ட்டர் உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

பறவை பார்ப்பவர்களுக்கு இது போதாது. வெள்ளாயணி ஏரியிலோ சுசீந்திரம் தேரூர்க் குளத்திலோ நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் அரை மீட்டர்ப் பறவை, 210 மி.மீ. லென்ஸில் படத்தின் பதினான்கில் ஒரு பங்காகத்தான் விழும். அத்தகையவர்கள் கன்வர்ட்டருக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்து வைத்து, 2015இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 போன்ற நீண்ட ஜூம் காமிராவைப் பழையதாகவேனும் வாங்குவது மேல். அதன் ஜூம் 2000 மி.மீ. வரை போகும். கூடவே முக்காலியும் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடப் போகிறோம்? 12 மெகாபிக்சல் படத்தில் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டி எடுத்தால் 3 மெகாபிக்சல் மிஞ்சும். ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். ஆகவே, சிறிய படத்துக்கு வெட்டியெடுப்பதே பல வேளைகளில் போதுமானது. சுவரில் மாட்டப் பெரிதாக்குவதானால் மட்டும் கன்வர்ட்டர் கைகொடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க

முதலாவது, பொருத்தம். நிக்கான் கூல்பிக்ஸ் 990, 995, 4500 போன்றவற்றில் லென்ஸ் வெளியே நீளாது, 28 மி.மீ. மரையில் கன்வர்ட்டரை நேராகத் திருகிவிடலாம். கேனான் பவர்ஷாட் ஜி10, ஜி11, ஜி12 போன்றவற்றில் லென்ஸ் நீண்டு வரும். அவற்றுக்குத் தனியாக ஓர் அடாப்டர் குழல் வேண்டும். குழல் காமிராவின் உடலில் மாட்டிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். கன்வர்ட்டரின் பாரத்தை நீளும் லென்ஸின் மேலேயே ஏற்றினால் உள்ளே இருக்கும் சிறு மோட்டார் கெட்டுவிடும். குழலோ மரையோ இல்லாத காமிராவுக்குக் கன்வர்ட்டரைத் தேட வேண்டாம்.

இரண்டாவது, மூலைக் கறுப்பு. ஜூமை முழுவதும் நீட்டிய நிலைக்கே இவை பெரும்பாலும் செய்யப்பட்டவை. ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுக்கும். எந்த இடம் வரை கறுப்பு வருகிறது என்று கடையிலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஓரத்தின் தெளிவு. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை படத்தின் ஓரத்தில் விழும்படி ஒரு படம் எடுங்கள். எழுத்துகளைச் சுற்றி ஊதாக் கோடு தெரிந்தால் அந்தக் கண்ணாடி மட்டம். எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நல்ல 1.4 அல்லது 1.7 மடங்குக் கண்ணாடி, மலிவான 2 மடங்கைவிடத் தெளிவாக இருக்கும்.

நான்காவது, பூசணம். இந்தச் சிறிய காமிராக்களில் பெரும்பாலானவை இன்று தயாரிப்பில் இல்லை. கன்வர்ட்டரும் பழையதாகவே கிடைக்கும். நம் கேரளத்து ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூசணம் படரும். டார்ச் விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்திருங்கள்.

கடைசியாக, கன்வர்ட்டர் மாட்டியிருக்கும்போது ஃபிளாஷ் ஒளியை அதுவே மறைக்கும். மேலே உள்ள சிறு கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பதும் பயன்படாது. பின்திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா போன்ற மேடை நிகழ்ச்சிகளுக்கும் இது ஏற்றதல்ல. அங்கே குறைவது தூரத்தைவிட வெளிச்சமே. முன்வரிசையில் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.

மறு ஆண்டு ஆறாட்டுக்கு நான் கன்வர்ட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நேரத்தோடு கிளம்பி, வள்ளக்கடவுச் சாலையோரத்தில் ஊர்வலம் பத்து மீட்டருக்குள் வரும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். வெளிச்சம் மங்குமுன் ஏழெட்டுப் படங்கள்தான் எடுக்க முடிந்தது. அவற்றில் ஒன்றை அச்சிட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நான் பார்த்ததும் இவ்வளவு பக்கத்திலிருந்துதான்" என்றார்.