தக்காளி வேரும் நூற்புழுவும்

தக்காளி நட்டு ஒரு மாதம் சென்றபின், போதிய எருவும் நீரும் பெற்ற நிலத்திலேயே செடிகள் திட்டுத் திட்டாக வெளிறிக் குன்றி நிற்பதைக் குடியானவர்கள் பலர் கண்டிருப்பர். அச்செடிகள் நடுப்பகலில் வாடும். மாலையில் சிறிது தெளியும். மறுநாள் மீண்டும் வாடும். எருக் குறைவென்று எண்ணி மேலும் உரமிடுவதால் பயனில்லை. அத்தகைய செடியொன்றை வேர் அறாமல் மண்வெட்டியால் பெயர்த்து, நீரில் அலசிப் பார்க்கவேண்டும். கடுகளவு முதல் சுண்டைக்காயளவு வரை முடிச்சுகள் வேரில் காணப்படின், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலையாகும். உளுந்து, தட்டை முதலிய பயறு வகைகளின் வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சுகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இம்முடிச்சுகளோ வேரே பருத்து உண்டானவை, ஆதலின் உதிரா.

இம்முடிச்சு நோய் புதியதன்று. 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த வெள்ளரியின் வேர்களில் பெர்க்லி என்பவர் இதனைக் கண்டறிந்தார். 1901-ஆம் ஆண்டில் நீலகிரியைச் சேர்ந்த தேவாலாவில், தேயிலை வேர்களில் இப்புழு இருப்பதைப் பார்பர் என்னும் தாவர நூல் வல்லார் அறிவித்தார். இன்று தக்காளியேயன்றிக் கத்தரி, வெண்டை, பாகல், புடல் முதலிய காய்கறிகள் பலவும் இதற்கு இரையாகின்றன.

புழுவின் செயல்

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளமும் இராது, கண்ணுக்குப் புலப்படாது. அது மண்ணிலுள்ள ஈரத்தில் நெளிந்து சென்று, வேரின் நுனியையடுத்த இளம் பகுதியில், வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் துளைத்து உட்புகும். பின்னர் வேரின் நடுவே நீரும் உணவும் செல்லும் பகுதியை அடைந்து, அங்குள்ள சில செல்களில் தன் உமிழ்நீரைச் செலுத்தும். அதனால் அச்செல்கள் இயல்புக்கு மீறிப் பருத்துப் புழுவுக்கு உணவூட்டும் தொட்டில்களாக மாறிவிடும். சுற்றியுள்ள பகுதியும் வீங்குவதே நாம் காணும் முடிச்சு. பெண் புழு அவ்விடம் விட்டு நகராமல் பேரிக்காய் வடிவில் பருத்து, பசை போன்ற உறையினுள் 300 முதல் 500 வரை முட்டையிடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஆதலின் ஒரே போகத்தில் பல தலைமுறைகள் பெருகுகின்றன. புழு துளைத்த வேரில் வாடல் நோய்க் கிருமிகளும் எளிதில் இடம் பெறுகின்றன.

வேரின் தற்காப்பு

எல்லாத் தக்காளியும் இப்புழுவுக்குப் பணிந்துவிடுவதில்லை. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்று இதனை எதிர்த்து நிற்பதாகும். அதனை நாட்டுத் தக்காளியோடு கலந்தால் விதை முற்றாமல் கருவிலேயே அழிந்துவிடும். அமெரிக்காவில் ஸ்மித் என்பவர் அக்கருவைத் தனியே எடுத்துச் செயற்கை உணவில் வளர்த்துச் செடியாக்கி, 1944-இல் அம்முறையை வெளியிட்டார். அக்கலப்பின் வழியாக வந்த காப்புத் திறனே பிற்காலத்தில் பற்பல தக்காளி இரகங்களில் புகுத்தப்பட்டது. அத்திறனைத் தரும் மரபணுவுக்கு ‘மி’ என்று பெயர். 1998-இல் அதனைத் தனியே பிரித்து அதன் அமைப்பையும் அறிந்தனர்.

அம்மரபணுவை உடைய செடியினுள்ளும் புழு புகவே செய்கிறது. ஆனால் உணவு கொள்ளத் தொடங்கியதும், அது தீண்டிய செல்களும் அவற்றை அடுத்தவையும் ஒரு நாளைக்குள்ளாகவே தாமே மடிந்துவிடுகின்றன. தொட்டிலாக வேண்டிய இடம் சருகாகிவிடுவதால், புழு பட்டினியால் சாகின்றது. அல்லது வேரைவிட்டு வெளியேறுகின்றது. தீப்பற்றிய தெருவில் ஒரு கூரையைப் பிரித்தெறிந்து மற்ற வீடுகளைக் காப்பது போல, வேர் தன்னில் ஒரு சிறு பகுதியை இழந்து முழுச் செடியையும் காத்துக்கொள்கிறது.

வெப்பத்தின் விளைவு

இத்தற்காப்புக்கு ஒரு குறையுண்டு. நம் சமவெளிக் குடியானவர்கள் இதனை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். மண்ணின் வெப்பம் 28 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏற ஏற ‘மி’ மரபணுவின் ஆற்றல் தளர்கிறது. 1969-இல் டிராப்கின் என்பவர் வெளியிட்ட சோதனைகளில், புழு புகுந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் மண் சூடாக இருந்தால் செல்கள் மடியாமல் புழு வளர்ந்துவிடுவது தெரியவந்தது. அந்நாட்கள் கடந்தபின் வெப்பம் ஏறினாலும், மடிந்த இடத்தில் புழு மீளவில்லை. ஆகவே எதிர்ப்பு இரகமென்று விலை கொடுத்து வாங்கிய நாற்றைப் பங்குனி, சித்திரையில் நட்டுவிட்டு, கவலையற்றிருப்பது தகாது. அதே நாற்று கார்த்திகை, மார்கழியில் நடப்படின் வேர் ஊன்றும் பருவத்தில் மண் குளிர்ந்திருக்கும். காப்பும் நன்கு இயங்கும். அன்றியும், ஒரே நிலத்தில் இடைவிடாது எதிர்ப்பு இரகத்தையே பயிரிட்டால், அதனை வெல்லவல்ல புழு இனம் நாளடைவில் தலையெடுக்கும்.

செய்யவேண்டியவை

செடியின் தற்காப்புக்கு மனிதன் துணை நிற்கவேண்டும். அறுவடை முடிந்ததும் முடிச்சுள்ள வேர்களை நிலத்திலேயே உழுது மடக்காமல், பறித்துக் காயவைத்துக் கொளுத்துக. கோடையில் இரண்டு மூன்று முறை ஆழ உழுது மண்ணை வெயிலில் காயவிடுக. நாற்றங்கால் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால், வெயிலின் சூட்டில் புழுக்கள் பெரும்பாலும் மடியும். நாற்றங்காலில் வேப்பம் பிண்ணாக்கு இடுதலும் நலம். தக்காளிக்குப்பின் கத்தரியோ வெண்டையோ வைத்தல் ஆகாது. நீர்வசதியுள்ள இடத்தில் நெல் நட்டு நீர் தேக்குவதும், தோட்டத்தில் செண்டுமல்லியை மாற்றுப் பயிராக வைப்பதும் புழுவைக் குறைக்கும்.

இப்புழு தானாக நெடுந்தூரம் செல்லவல்லதன்று. நாற்றின் வேரிலும், கலப்பையில் ஒட்டிய மண்ணிலும், பாசன நீரிலும் ஏறியே ஊர்விட்டு ஊர் பரவுகிறது. ஆகவே நாற்று வாங்குவோர் கட்டைப் பிரித்து நாலைந்து நாற்றின் வேரை அலசிப் பார்த்தபின்னரே வாங்குக. ஒரு முடிச்சு காணப்படினும் அக்கட்டை நிலத்தில் இறக்கவேண்டாம். கிராம அதிகாரிகளும் தத்தம் ஊரில் இந்நோய் கண்ட நிலங்களைக் குறித்துவைத்து, அந்நிலங்களில் நாற்று விடாதபடி குடிகளுக்கு எடுத்துரைத்தால், ஊர் முழுதுக்கும் நன்மையுண்டாகும்.