பால்ட்வின் நின்றிருந்தால்?

சரித்திரத்தில் "இப்படி நடந்திருந்தால்" என்னும் பேச்சுக்கு இடமில்லை என்று பண்டிதர்கள் சொல்வதுண்டு. ஆயினும் நடந்த காரியத்தின் மதிப்பு, நடவாமற் போன காரியத்தை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் சில சமயம் விளங்குகிறது. 1931-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் லண்டன் மாநகரில் நடந்த ஓர் உபதேர்தல் அத்தகையது.

வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் ஜார்ஜ் என்பது தொகுதியின் பெயர். மேபேர், பெல்கிரேவியா முதலிய தனவந்தர்களின் வாசஸ்தலங்கள் அடங்கியது. அதன் பார்லிமெண்டு அங்கத்தினர் பிப்ரவரியில் காலமானார். கன்ஸர்வேடிவ் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை அது. தொழிற் கட்சியாரும் லிபரல்களும் ஆளை நிறுத்தவே இல்லை. அப்படியும் மூண்டது சண்டை! "டெய்லி எக்ஸ்பிரஸ்" முதலாளி பீவர்புரூக் பிரபுவும், "டெய்லி மெயில்" முதலாளி ராதர்மியர் பிரபுவும், கன்ஸர்வேடிவ் தலைவர் ஸ்டான்லி பால்ட்வினைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கிவிடக் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். ஸர் எர்னஸ்ட் பெட்டர் என்ற தொழிலதிபருக்கு அவர்களுடைய பக்க பலம் கிடைத்தது.

பால்ட்வின் செய்த குற்றம் என்ன? பீவர்புரூக்குக்கு வியாபாரக் கொள்கையில் கோபம். ராதர்மியருக்கோ இந்தியாவின் விஷயத்தில். இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து அளிப்பதே லட்சியம் என்று 1929-இல் வைஸ்ராய் இர்வின் பிரபு வெளியிட்ட அறிக்கையைப் பால்ட்வின் ஆதரித்தார். அதைப் பொறுக்காத சர்ச்சில், 1931 ஜனவரியில் கட்சித் தலைவர்களின் ஆலோசனைக் குழுவை விட்டே வெளியேறினார். மார்ச்சு 5-ஆம் தேதி காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கேட்க வேண்டுமா எதிரிகளின் ஆத்திரத்தை!

இதற்குச் சில நாட்கள் முன்பே பால்ட்வின் மனம் தளர்ந்திருந்தார். மார்ச்சு முதல் தேதியன்று ராஜிநாமாச் செய்துவிடுவதென்றே தீர்மானித்தார். அப்போது அவருடைய நண்பர் பிரிட்ஜ்மன் வந்து, "போவதானால் போராடிவிட்டுப் போகலாம், ப்யூட்லி ஸ்தானத்தைத் துறந்து, செயின்ட் ஜார்ஜில் நீங்களே நில்லுங்கள்" என்ற கருத்தில் யோசனை சொன்னார். பால்ட்வினும் இசைந்தார். பிறகு டப் கூப்பர் என்பவர் களத்தில் இறங்க முன்வந்தபடியால் அந்த யோசனை கைவிடப்பட்டது. மார்ச்சு 19-ஆம் தேதி வோட்டுப் பதிவு. கூப்பருக்கு 17,242, பெட்டருக்கு 11,532. வித்தியாசம் 5,710.

இனி நம் கற்பனைத் தேர்தலுக்கு வருவோம். கூப்பருக்குப் பதில் பால்ட்வினே நின்றிருந்தால்?

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போடலாம். கூப்பருக்குக் கிடைத்த வோட்டுகளில் 2,856 மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் பெட்டர் வென்றிருப்பார். அதாவது ஆறு பேரில் ஒருவர் மனம் மாறினால் போதும். அது நடக்கக் கூடியதா? தலைவரே நேரில் வந்து கேட்கும்போது அபிமானம் பெருகும் என்பது ஒரு கட்சி. ஆனால் பால்ட்வினிடம் சலிப்புற்றவர்களும் கட்சியை முன்னிட்டுக் கூப்பருக்கு வோட்டளித்திருக்கலாம் அல்லவா? அவர்களுக்கு அந்தச் சமாதானம் இல்லாமற் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மார்ச்சு 12-ஆம் தேதி பார்லிமெண்டில் இந்தியாவைப் பற்றித் தம் கொள்கையைப் பால்ட்வின் உறுதியாக எடுத்துரைத்தார். ப்யூட்லியைத் துறந்திருந்தால் அன்று அவருக்குச் சபையில் ஆசனம் ஏது? ஆனால் மார்ச்சு 17-ஆம் தேதி குவீன்ஸ் ஹாலில், பொறுப்பை ஏற்காமல் அதிகாரத்தை மட்டும் விரும்புகிறவர்கள் என்று பத்திரிகை முதலாளிகளை அவர் சாடிய சாட்டை, அபேட்சகராக நின்றாலும் அவர் கையில் இருந்திருக்கும். இரண்டையும் சீர்தூக்கினால், பால்ட்வின் வென்றிருப்பார், ஆனால் சொற்ப வித்தியாசத்தில் என்பதே என் அபிப்பிராயம். அதுவும் முழு வெற்றியாகாது. பத்திரிகை முதலாளிகள் கூப்பிட்ட களத்துக்கெல்லாம் கட்சித் தலைவர் ஓடிவர வேண்டும் என்னும் தீய வழக்கம் ஏற்பட்டிருக்கும்.

தோற்றிருந்தாலோ, கட்சியின் கடிவாளம் யார் கைக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. சர்ச்சில் கோஷ்டியின் குரல் ஓங்கியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். 1935-ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் அவர்களுடைய கடும் எதிர்ப்பைத் தாண்டியே நிறைவேறிற்று. அந்தச் சட்டம் நம் தேசத் தலைவர்களைத் திருப்தி செய்யவில்லை. எனினும் அதன்படி நடந்த தேர்தலின் பயனாகவே 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை அமைந்தது. அது இன்னும் பல வருஷங்கள் தள்ளிப் போயிருக்கலாம்.

ஆகையால் மேபேர் சீமான்கள்தான் நமக்கு விமோசனம் அளித்தார்கள் என்று எண்ண வேண்டாம். உப்பு அள்ளியவர்களும் சிறை புகுந்தவர்களும் இல்லாவிட்டால், லண்டன் உபதேர்தலில் இந்தியாவின் பேச்சே எழுந்திராது. ஆனால் விடுதலைக்கு எத்தனை காலம், எத்தனை கஷ்டம் என்னும் கணக்கில் அந்த வோட்டுப் பெட்டிக்கும் பங்கு இருந்தது. இதுதான் அடிமை வாழ்வின் அவலம். 35 கோடி மக்களின் விவகாரத்தில் 28,774 பேர் வோட்டளித்தார்கள். நம்மைக் கேட்பார் இல்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தபோது, வாக்காளர் ஜாபிதாவில் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. வரிசையில் நிற்க அலுப்பாயிருக்கிறது என்று வாக்குச் சாவடிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்போர், செயின்ட் ஜார்ஜ் தொகுதியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது.