பழைய கிட்டார் பெருக்கிக்கு விலை மதிப்பிடுதல்

மின்கிட்டாரின் கம்பிகள் அதிரும்போது உண்டாகும் மெல்லிய மின்குறிப்பைப் பெரிதாக்கி, ஸ்பீக்கர் வழியே கேட்கச் செய்யும் கருவி கிட்டார் பெருக்கி ஆகும். இசைக்கலைஞர்கள் இதனை ஆம்ப் என்பர். பயன்படுத்திய ஆம்பை விற்கும்போது என்ன விலை சொல்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு நெடுநாளாகப் பெரிய சந்தை உள்ள நாடு அமெரிக்கா. ஆகவே அந்நாட்டு ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவர்ப் என்னும் ஆம்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

விற்பவர் எப்போதும் கலைஞராக இருப்பதில்லை. தந்தை மறைந்தபின் வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள், சில ஆயிரம் டாலர் பெறும் ஆம்பைப் பழைய சாமான் என்று நினைத்து அற்ப விலைக்குக் கொடுத்துவிடுவது உண்டு. சாதாரண ஆம்பை அரும்பொருள் என்று நம்பி, வாங்க ஆளின்றிக் காத்திருப்பதும் உண்டு.

ஒரே முகம், வேறு விலை

லியோ ஃபெண்டர் 1946இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். டீலக்ஸ் ரிவர்ப் 1963இல் வந்தது. ஏறத்தாழ 22 வாட் திறன், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வெளியீட்டுப் பகுதியில் இரண்டு 6வி6 வால்வுகள் ஆகியவை இதன் அமைப்பு. நம் வீடுகளில் முன்பு இருந்த வால்வு ரேடியோவை நினைவில் கொண்டால் உள்ளமைப்பு ஓரளவு புரியும்.

1967 வரை இதன் முகப்புத் தகடு கறுப்பு. 1968 முதல் வெள்ளி நிறம். இவற்றை பிளாக்ஃபேஸ், சில்வர்ஃபேஸ் என்று அழைப்பர். இடையில் 1965இல் நிறுவனம் சிபிஎஸ் கைக்கு மாறியது. தொடக்ககால வெள்ளி ஆம்புகளின் மின்சுற்று கறுப்பு ஆம்புகளுக்கு மிக நெருங்கியதே. ஆயினும் கறுப்புக்கே விலை அதிகம். காதுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கும் சந்தை பணம் தருகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

1993 முதல் பழைய கறுப்பு முகப்பைப் போலவே மறுபதிப்பு ஆம்புகளும் விற்கப்படுகின்றன. இவற்றில் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை உள்ளது. பழையவற்றில் பாகங்களைக் கையால் பற்றவைத்திருப்பர். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவர் இங்கேதான் தவறுகிறார்.

வயதைக் கண்டறிதல்

"அப்பா அறுபதுகளில் வாங்கியது" என்ற சொல்லை வாங்குபவர் ஏற்கமாட்டார். பாகங்களில் உள்ள எண்களே சான்று. அமெரிக்க மின்மாற்றிகளிலும் ஸ்பீக்கர்களிலும் முதல் மூன்று இலக்கங்கள் பொதுவாக உற்பத்தியாளரைக் குறிக்கும்: 606 என்பது ஷூமேக்கர், 220 என்பது ஜென்சன், 465 என்பது ஆக்ஸ்ஃபோர்டு. அடுத்து ஆண்டும் வாரமும் வரும். மின்மாற்றியில் 606532 என்று இருந்தால், ஷூமேக்கர் செய்தது, 5இல் முடியும் ஆண்டு, 32ஆம் வாரம். அந்த ஆண்டு 1965ஆ 1975ஆ என்பதை முகப்பும் மற்றப் பாகங்களும் சொல்லும்.

ஆம்ப் தன் முதற்பாகங்களுள் கடைசியாகச் செய்யப்பட்டதற்கு முன்பு உருவாகியிருக்க முடியாது. மின்மாற்றிகள் 1965ஐயும் ஸ்பீக்கர் 1974ஐயும் காட்டினால், ஸ்பீக்கர் பிற்பாடு மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

எந்த மாற்றம் விலையைக் குறைக்கும்?

ஸ்பீக்கர், மின்மாற்றிகள், பெட்டியின் மேலுறை, முன்துணி ஆகியவை முதலில் வந்தபடியே இருந்தால் விலை உயரும். ஸ்பீக்கர் மாறியிருந்தால் குறையும். அதே ஸ்பீக்கருக்குக் காகிதக் கூம்பு மட்டும் புதிதாகப் போட்டிருந்தாலும் ஓரளவு குறையும். முகப்பில் துளையிட்டுப் புதிய விசை வைத்திருந்தால், அதை மறைக்க வழியில்லை. பெட்டியைப் புதுப்பித்து 'அழகாக்குவது' பெரும்பாலும் நட்டமே. தூசியைத் துடைத்தால் போதும்.

வால்வுகளும் மின்பகுமின்தேக்கிகளும் இதில் சேரா. அவை தேயும் பொருள்கள், மாற்றியிருப்பது குறையன்று. பழைய இரண்டுமுனைக் கம்பியை எடுத்துவிட்டு நில இணைப்புள்ள மூன்றுமுனைக் கம்பி போட்டிருப்பதும் அவ்வாறே. மின்னதிர்ச்சியைத் தடுக்கும் மாற்றம் அது. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு ஆம்புடன் கொடுப்பது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டு சும்மா கிடந்த வால்வு ஆம்பை "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று நேரே மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. உலர்ந்த மின்தேக்கி பழுதாகி மின்மாற்றியை எரித்துவிடலாம். விலையில் ஒரு பகுதியும் அதோடு போகும். உள்ளே 400 வோல்ட்டு அளவிலான மின்னழுத்தம், கம்பியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைக் குடிக்கும். எண்களைப் பார்க்க உள்ளே கைவிட வேண்டியிருந்தால், பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடலாம். அந்தச் செலவு பெரும்பாலும் திரும்பி வரும். "சோதிக்கவில்லை" என்று எழுதினால், வாங்குபவர் மிக மோசமான பழுதையே நினைத்து விலை சொல்வார்.

கேட்ட விலையும் விற்ற விலையும்

இணையத்தில் காணும் விலைகள் பெரும்பாலும் விற்பவரின் ஆசைகள். அந்த விலைக்குப் போகாததால்தான் அவை இன்னும் அங்கே உள்ளன. விற்று முடிந்தவற்றையே பார்க்க வேண்டும். ஈபேயில் அவற்றை மட்டும் பிரித்துக் காணலாம். 2013இல் சிகாகோவில் தொடங்கிய ரிவர்ப் தளம் விலை வழிகாட்டி ஒன்றைத் தந்துவருகிறது. வின்டேஜ் கிட்டார் இதழின் விலைநூலும் உண்டு. அதன் விலை, பாகங்கள் மாறாமல் சிறந்த நிலையில் உள்ள ஆம்புக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே வகை ஆம்புகள் ஐந்து 1,400, 1,450, 1,500, 1,550, 2,600 டாலருக்கு விற்றன என்போம். சராசரி 1,700. ஆனால் ஐந்தில் நான்கு அந்த விலையைத் தொடவே இல்லை! இடைநிலை 1,500, அதுவே நம்பத்தக்கது. 2,600க்குப் போனது ஏதோ தனிச்சிறப்பு உடையதாக இருந்திருக்கும். நம் ஆம்பில் ஸ்பீக்கர் மாறியிருந்தால், 1,500இலிருந்து ஒரு தொகையைக் கழித்து, பேரத்துக்குச் சிறிது இடம் விட்டுக் கேட்கலாம்.

பெரிய ஆம்புக்குப் பெரிய விலை என்பதும் இல்லை. ட்வின் ரிவர்ப் 85 வாட், இரண்டு ஸ்பீக்கர், ஏறத்தாழ 29 கிலோ. புதிதாக விற்றபோது டீலக்ஸைவிட விலை கூடியது. இன்று அதே காலத்து டீலக்ஸ்தான் பொதுவாக மேலே நிற்கிறது. அது 19 கிலோ அளவே, ஒருவர் தூக்கலாம். அளவான சத்தத்திலேயே கலைஞர் விரும்பும் கரகரப்பும் வரும்.

எடை விற்பவரின் பையையும் தொடுகிறது. கூரியர் செலவு, பெட்டி கட்டும் செலவு, தளத்தின் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தபின் கையில் மிஞ்சுவதே உண்மையான விலை. உள்ளூரில் சற்றுக் குறைத்துக் கொடுப்பது பல வேளைகளில் மேல். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கு உரியது; அதை இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் கெடும். ஆகவே தமிழ்நாட்டில் வாங்குபவர் ஸ்டெப்டவுன் மின்மாற்றியின் செலவையும் கணக்கில் கொள்வார்.

அண்மைக்கால ஆம்புகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. நல்ல நிலையில் இருந்தால், புதிய விலையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பொதுவாகக் கிடைக்கும். டிஜிட்டல் வகைகள் இன்னும் விரைவாக விலை இறங்கும்.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், அவர் விற்கும் விலையில் பாதியோ சற்றுக் கூடவோதான் தருவார். இதை ஏமாற்று என்று பலர் கருதுகின்றனர். பழுதுபார்த்து, உத்தரவாதம் கொடுத்து, விற்கும்வரை இடம் தருபவர் அவர். ஆனால் அவர் சொல்லும் விலையைக் கேட்பதற்கு முன்பே, விற்று முடிந்த விலைகள் நம் தாளில் எழுதியிருக்க வேண்டும்.